தூளிக்கு அடியில் ஒரு மெத்தை

என் வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது ஐப்பசி மழை விட்டிருந்தது. கல்யாணமான மறுவருஷம் போனவர். அங்கே ஒரு கம்பெனியில் பஸ் ஓட்டினார். விடியற்காலையில் கேம்ப்பிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் வேலை நடக்கும் இடத்தில் விடுவது, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது. கேம்ப் என்றால் கம்பெனி ஆட்கள் தங்குகிற இடம். ஒரு அறையில் பல பேர், மேலும் கீழுமாகக் கட்டில்கள், அவருக்கு மேல் கட்டில். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

காரைக்காலை ஒட்டிய கோவில்பத்தில் எங்கள் வீடு. அவர் அனுப்பியதில் கட்டியது. கூடம், ஒரு அறை, அடுப்படி, முன்னால் கம்பி அடித்த வராந்தா. நான் வீட்டிலேயே ரவிக்கை தைப்பேன். பத்தாவது முடித்ததும் தையல் கற்றுக்கொண்டது. மகள் ஒருத்தி, கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் போன பிறகு வீட்டில் நானும் தையல் மிஷினும்தான். அது ஒரு குறையாக எனக்குத் தெரியவில்லை. நிறைவாகவும் தெரியவில்லை. நாள் போனது.

வந்த முதல் வாரம் அவர் கட்டிலில் படுத்தார். நல்ல கட்டில். பலகை மேல் தேங்காய் நார் மெத்தை. "மல்லாக்கப் படுத்தா இடுப்பு, ஒருக்களிச்சா தோளு" என்றார். தரையில் பாய் விரித்துப் பார்த்தார். அதுவும் ஒத்துவரவில்லை. கேம்ப் கட்டிலின் கம்பி வலை அவர் உடம்புக்கு ஏற்ற மாதிரி தொய்ந்துபோயிருந்ததாம். இத்தனை வருஷமும் அந்தக் குழியில் படுத்த உடம்பு, சமமான இடத்தில் தூங்க மாட்டேன் என்றது. நான் பக்கத்தில் படுத்திருப்பேன். அவர் விழித்திருப்பது எனக்குத் தெரியும். நான் விழித்திருப்பது அவருக்குத் தெரியுமா என்று தெரியாது.

கார்த்திகையில் மகளிடம் போனில் பேசும்போது ஒரு விஷயம் சொன்னார். அவர் அறையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் கட்டில் கம்பியில் துணித்தூளி கட்டி அதில்தான் படுப்பாராம். இவரும் லீவு நாளில் அதில் படுத்துப் பார்த்திருக்கிறார். இடுப்பு வலியே தெரியவில்லையாம்.

"அது மாரி ஒண்ணு ஆர்டர் போடும்மா. கேம்ப் தூளின்னு போட்டா வரும்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மகள் திரும்பக் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டேன்.

"அப்பா, கேம்பிங்னுதான் போட்டிருக்கு. ஆனா அது நீங்க சொல்ற கேம்ப் இல்ல. காட்டுக்கு, மலைக்கெல்லாம் போயி ரெண்டு மரத்துல கட்டிப் படுத்துக்குவாங்களாம்."

"யாரு?"

"சும்மா போறவங்க."

"வேலைக்கு இல்லையா?"

"இல்லப்பா. சந்தோஷத்துக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவங்களுக்கு வீடு இருக்குல்ல?"

"இருக்கும்ப்பா."

"அப்பறம் ஏன் கேம்ப்ல போயி படுக்குறாங்க?"

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தூளி வந்தது. பச்சை நிறம், பாராசூட் துணி மாதிரி வழுவழுவென்று. சுருட்டினால் ஒரு சாப்பாட்டுப் பைக்குள் அடங்கிவிடும். கூடத்தில் கட்டச் சுவருக்குச் சுவர் இடைவெளி போதவில்லை. வராந்தாத் தூண்கள் இரண்டும் சரியான தூரத்தில் இருந்தன. அங்கே கட்டினார். நேராகப் படுத்தால் உடம்பு வாழைப்பழம் போல வளைந்துவிடும், குறுக்குவாட்டில் படுத்தால்தான் முதுகு நேராக நிற்கும் என்று படுத்துக் காட்டினார். அன்றைக்கே தூங்கினார். குறட்டை கூடம்வரை கேட்டது. கட்டில் முழுக்க எனக்கு என்று ஆனது.

அவருடைய தங்கை இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வாய் ஓயாதவள். கம்பிக் கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, புள்ளைக்குப் பேரு வெச்சாச்சா?"

"போடி" என்றார் அவர், தூளிக்குள்ளிருந்து.

"தூளி பெருசா இருக்கே, ரெட்டப் புள்ளையோ? தாலாட்டு பாடுறீங்களா அண்ணி, இல்ல நான் வந்து பாடட்டா?"

நான் சிரித்துவைத்தேன். அவர் இறங்கி, தூளியைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். அது தானே ஆடியது. அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள்.

"வெறுந்தூளிய ஆட்டாதண்ணே! புள்ளைக்கு வயித்து வலி வரும்."

"எந்தப் புள்ளைக்குடி?"

"எந்தப் புள்ளைக்கோ. ஆட்டக் கூடாதுன்னா ஆட்டக் கூடாது. இதெல்லாம் உனக்கு எங்க தெரியும்?"

அவருக்குத் தெரியாதுதான். மகள் தூளியில் கிடந்த காலத்தில் அவர் ஊரில் இல்லை. அவர் லீவில் வந்தபோது அவள் நடந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவர் எழுந்ததும் நான் தூளியை மேலே தூக்கி ஒரு முடிச்சுப் போட்டுவைப்பேன். குழந்தை இல்லாத நேரத்தில் தூளியை அப்படித்தான் முடிந்துவைப்பது.

மார்கழி பிறந்ததும் வாடை திரும்பியது. எங்கள் ஊர்க் குளிரை மலைப்பக்கத்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கடல் பக்கம், பனியும் காற்றும் சேர்ந்து வரும். கம்பி வழியாக உள்ளே வந்து, கீழே புகுந்து, தூளியின் அடியைத் தொட்டுக்கொண்டே போகும். முதல் இரண்டு நாள் மேலே போர்வை போதவில்லை என்று நினைத்தார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளி, ரோஜாப் பூ போட்டது, தூக்கினால் கை வலிக்கும், அதைப் போர்த்திக்கொண்டார். மேலே வேர்த்தது. கீழே குளிர்ந்தது.

"முதுவுல ஐஸ்கட்டி வெச்ச மாரி இருக்கு" என்றார். "அங்க ஏசி போட்டு இதே கம்பளியத்தான் போத்திக்குவேன். ஒண்ணும் தெரியாது."

கம்பளியைக் கீழே போட்டு மேலே வேறு போர்வை போர்த்திப் பார்த்தார். கால்வாசி குறைந்தது. இடுப்பிலும் தோளிலும் அப்படியே இருந்தது. ஒரு வாரத்தில் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலை சாய்வார், சாய்ந்ததும் திடுக்கிட்டு நிமிர்வார்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. அவருடைய பழைய ஃபோர்மேன், மலையாளி. கேம்ப்பிலேயே வாட்ச்மேன் வேலை இருக்கிறது, பஸ் ஓட்ட வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும், இரண்டு வருஷத்துக்கு எழுதிக்கொடுக்கலாம் என்றார். பழைய அறை, பழைய கட்டில். பொங்கலுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

"யோசிச்சி சொல்றேன்" என்றார் இவர். பிறகு, "இஞ்ச தூக்கமே வல்ல" என்றும் சொன்னார். நான் பக்கத்தில் காபித் தம்ளரோடு நின்றிருந்தேன்.

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "பொங்கலுக்குள்ள பாப்பம். தூக்கம் வந்தா இருக்கேன். இல்லன்னா போயிடுறேன். அங்க போனா தூங்கிடுவேன்."

"சரிங்க" என்றேன்.

அவர் போக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை, இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. தம்ளரைக் கழுவினேன். கழுவும்போது ஒன்று மட்டும் மனசில் நின்றது. போகிறவர் போகட்டும், ஆனால் நம் வீட்டில் முதுகு குளிர்ந்து போனார் என்று இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அது அன்பா என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ரவிக்கையில் கை சரியாக உட்காராவிட்டால் பிரித்துத் தைப்பேன் இல்லையா, அந்த மாதிரிதான் இருந்தது.

மார்கழியில் வாசல் தெளிக்க இருட்டோடு எழுந்துவிடுவேன். மறுநாள் வராந்தா வழியாகப் போகும்போது குனிந்து தூளியின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். அவர் விழித்திருந்தாரோ என்னவோ, அசையவில்லை. இடுப்புக்கு நேரே துணி சூடாக இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான பாத்திரத்தின் அடி மாதிரி. தோளுக்குக் கீழும் அதே சூடு. மற்ற இடத்தில் அவ்வளவு இல்லை. உள்ளே விரித்திருந்த கம்பளி அவர் பாரத்தில் அந்த இரண்டு இடத்திலும் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. சூடு அந்த வழியாகத்தான் வெளியே வந்துகொண்டிருந்தது. காற்று வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. என் கையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. அந்த உடம்பின் சூட்டை நான் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தொட்டபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

அன்றிலிருந்து தினமும் அப்படிப் பார்த்தேன். கையில் சூடு பட்டால் அது அவரிடமிருந்து போகிற சூடு. என் கைக்கு அது வராமல் இருக்க வேண்டும். எனக்கு இருந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

தகரக் கூரைக்கு அடியில் ஒட்டுவார்களே, வெள்ளிக் காகிதமும் காற்றுக் குமிழியுமாக ஒரு ஷீட், அதைத் தங்கை காரைக்காலில் ஹார்டுவேர் கடையில் வாங்கிவந்தாள். உள்ளே விரித்ததும் அவர் புரளும்போதெல்லாம் மிக்சர் பொட்டலம் பிரிக்கிற சத்தம். கையில் சூடு படவில்லை, அது நல்லதுதான். ஆனால் காலையில் அவர் முதுகுச் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. வேர்வை போக வழியில்லை. நனைந்த சட்டையில் வாடை பட்டதும் அவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

"கருவாட்டுக்குக் கூட ஓட்ட வெச்சிதான் கட்டுவாங்க" என்று அவர் அதை உருவி எறிந்தார்.

ஸ்பாஞ்சு ஷீட் ஒன்று போட்டோம். வழுவழுத் துணியில் அது நிற்கவில்லை. பாதியில் ஒரு பக்கமாக நழுவிக் கீழே விழுந்து கிடக்கும்.

மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். மலையில் இரண்டு மரத்துக்கு நடுவே தூளி, அதற்கு வெளியே, அடியில், இன்னொரு தூளி மாதிரி மெத்தை தொங்குகிறது. அதைத் தனியாக விற்கிறார்களாம். விலையைக் கேட்டதும் அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

"அம்மா, நீதான் தைப்பியே, தச்சிக் குடேன்" என்றாள் மகள்.

"ஒடம்புல படாத எடத்துல மெத்தையா?" என்றேன்.

"அப்படித்தான் போட்டிருக்கும்மா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை எடுத்துத் தூளிக்கு அடியில் கயிறு போட்டு வலிந்து இழுத்துக் கட்டினேன். தொய்ந்தால் காற்று புகும் என்று எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கினேன். அதுவும் பழைய பஞ்சு, கட்டிதட்டிப்போனது. காலையில் கை வைத்தால் மெத்தை தாண்டியும் சூடு வந்தது. அவரும் "அதே கதைதான்" என்றார்.

நல்ல பஞ்சாகப் போட்டால் சரியாகும் என்று நினைத்தேன். திருமலைராயன்பட்டினத்தில் ஒரு மெத்தைக் கடை உண்டு. தங்கைக்கு அன்றைக்கு வேலை. நானே பஸ் ஏறினேன். தனியாகக் கடைக்குப் போய் ஒன்றை விளக்கிச் சொல்வதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பஸ் அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்குத் தூளி என்று எப்படிச் சொல்வது?

கடைக்கார பாய் வயதானவர். "வாங்கம்மா. மெத்தையா, தலகாணியா?"

"மெத்த. மெல்லிசா. புதுப் பஞ்சு போட்டது."

"எதுக்கும்மா? கட்டிலுக்கா?"

"தூளிக்கு" என்றேன். வாய் தவறி அவ்வளவுதான் வந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ்! பேரனா, பேத்தியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகளுக்கு இன்னும் குழந்தை இல்லை.

"பாட்டியாவுறதுக்கு வெக்கம் என்னம்மா?" என்றவர் உள்ளே பார்த்து, "தூளி மெத்த ஒண்ணு எடும்மா, வாத்து போட்டது" என்று குரல் கொடுத்தார். "இது பச்சப் புள்ளைக்குன்னே போடறது. குறுக்க தையல் கெடையாது. புள்ளைக்கு உறுத்தக் கூடாது பாருங்க. ஓரம் மட்டும் தச்சி உள்ள பஞ்சு உப்பலா நிக்கும்."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இது இல்லை, பெரியது என்று சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. அவர் பையில் போட்டார். நான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் அவர் அதை விரித்துப் பார்த்தார். மஞ்சள் வாத்துகள். முழங்கை நீளம்தான்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எந்த முட்டிக்கு?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஊருக்கு வந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் அவர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாங்கியதை வீணாக்குவானேன் என்று அன்று சாயங்காலம் பழைய மெத்தையை அவிழ்த்துவிட்டு, இதன் நாலு மூலையிலும் நாடா தைத்து, தூளியின் அடியில் இடுப்புக்கு நேரே கட்டினேன். நாடா கொஞ்சம் நீளமாகிவிட்டது. இழுத்துக் கட்டவில்லை. மெத்தை தூளியைத் தொட்டும் தொடாமலும் தொங்கியது. காலையில் கையை வைத்தேன். தோளுக்குக் கீழே சூடு. காலுக்குக் கீழே சூடு. வாத்து மெத்தையின் அடியில் ஒன்றும் இல்லை. சில்லென்ற துணி மட்டும். அவர் சூடு எதுவும் அங்கே வரவில்லை.

"இடுப்பு மட்டும் வெயில்ல கெடந்த மாரி இருந்துச்சி" என்றார் அவர் எழுந்ததும். "மத்ததெல்லாம் குளுரு."

அப்போது புரிந்தது. நான் இறுக்கியதுதான் தப்பு. பஞ்சு உப்பி நின்றால்தான் சூட்டைப் பிடித்துவைக்கும். உடம்பு ஏறி நசுக்கினாலும் போச்சு, கயிறு போட்டு நசுக்கினாலும் போச்சு. மெத்தை என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும் என்றே பழகிய கை என் கை.

மறுபடி திருமலைராயன்பட்டினம். இந்தத் தடவை பஸ்ஸில் ஒன்றும் சொல்லிப் பார்க்கவில்லை.

"வாங்கம்மா, பேரன் நல்லாருக்கானா?" என்றார் பாய்.

"பேரன் இல்லைங்க பாய். வீட்டுக்காரங்களுக்கு."

"வீட்டுக்காரங்களுக்கு மெத்தையா?"

"தூளிதாங்க. அவங்கதான் தூளியில படுக்குறாங்க."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தன வயசும்மா?"

"அம்பத்தாறு."

உள்ளே யாரோ பெண் களுக்கென்று சிரிக்கும் சத்தம். பாய் அந்தப் பக்கம் முறைத்தார். "ஒடம்புக்கு முடியலயாம்மா?"

"நல்லாத்தான் இருக்காங்க. டிரைவரு. வெளிநாட்டுலேருந்து வந்துட்டாங்க."

"சபராளியா?" என்றார். வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போகிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முகத்திலிருந்த குழப்பம் போய்விட்டது. "அப்படிச் சொல்லுங்க. எங்க நானா வந்த புதுசுல லைட்ட அணைக்கவே வுட மாட்டாங்க. அங்க ஷிப்ட்டுக்கு ஷிப்ட்டு ஆளு வரும், லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்குமாம். ராத்தா பாவம், மூஞ்சில முந்தானையப் போட்டுக்கிட்டு தூங்குவாங்க. நீங்க தூளியோட தப்பிச்சீங்க." அண்ணனைத்தான் நானா என்றார், அவர் மனைவியை ராத்தா என்றார்.

பிறகு பஞ்சுக்கு வந்தோம். இலவம்பஞ்சு லேசு, நன்றாக உப்பும், ஆனால் கடற்காற்றில் ஓதம் குடித்துக் கட்டிதட்டும், தினமும் வெயிலில் போட வேண்டும் என்றார். மார்கழி வெயிலை நம்ப முடியாது. வராந்தாவில் பனியும் விழுகிறது. பாலியெஸ்டர் பஞ்சு அவ்வளவு மென்மையில்லை, ஆனால் ஈரம் பிடிக்காது. கையில் அள்ளி அமுக்கி விட்டுப் பார்த்தேன். திரும்ப எழுந்து நின்றது. அதையே போடச் சொன்னேன். பெரிய மெத்தைக்குக் குறுக்குத் தையல் போட்டே தீர வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு ஓடி ஒரு மூலையில் நிற்கும் என்று பாய் பிடிவாதம் பிடித்தார். "இறுக்கக் கூடாதுங்க" என்று நான் மூன்று தடவை சொல்லியிருப்பேன். கடைசியில் அங்கங்கே ஒரு நூல் முடிச்சு மட்டும், அதுவும் தளர்வாக, என்று முடிவானது. ஒரு அந்நிய மனிதரிடம் நான் அவ்வளவு நேரம் பேசியது எனக்கே ஆச்சரியம். திரும்பி வரும்போது வாய் வலித்தது.

மெத்தைக்கு வெளி உறையாகக் குடைத்துணி வாங்கினேன், காற்று உள்ளே போகாமலிருக்க. இரண்டு முனையிலும் பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி மடித்துத் தைத்து எலாஸ்டிக் கோத்தேன். முனைகள் தூளியோடு ஒட்டிச் சுருங்கி நின்றன. நடுவில் மெத்தை தளர்வாக, துணியை ஒட்டியபடி தொங்கியது. அவர் குறுக்குவாட்டில் படுப்பதால் மெத்தையையும் கொஞ்சம் கோணலாக மாட்ட வேண்டியிருந்தது. அவர் ஏறிப் படுத்தார், நான் கீழே உட்கார்ந்து நாடாவைத் தளர்த்தியும் இழுத்தும் பார்த்தேன்.

"தோள்ல காத்து வருதா?"

"வருது."

"இப்ப?"

"இல்ல."

"முதுவ அமுக்குதா?"

"ஒண்ணும் தெரியல."

தங்கை கம்பிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பஸ்ஸுக்குக் கீழ படுத்து ரிப்பேர் பாக்குற மாரி இருக்கு அண்ணி" என்றாள். "கிரீஸ் கொண்டாரட்டுமா?"

மறுநாள் காலை வாசலுக்குப் போகும்போது அடியில் கையை வைத்தேன். இடுப்பில் வைத்தேன், தோளில் வைத்தேன், காலடியில் வைத்தேன். எங்கேயும் எதுவும் தெரியவில்லை. உள்ளே ஆள் இருக்கிறாரா என்றே சந்தேகம் வரும்படி இருந்தது. குறட்டை மட்டும் வந்தது. சரியாக அமைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு அவர் தினமும் வெயில் ஏறும்வரை தூங்கினார். கண் தெளிந்தது. தெருமுனைவரை நடந்து போய்ப் பேப்பர் வாங்கிவந்தார். ஆனால் போகிறாரா இருக்கிறாரா என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. பெட்டி பரணில் இருந்தது. அதை அவர் இறக்கவில்லை என்பதைக் கவனித்தேன். பாஸ்போர்ட்டை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார் என்பதையும் கவனித்தேன்.

போகிக்கு முதல் நாள் காலை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கூடத்து மேஜையில் அவர் போன் அடித்தது. ஃபோர்மேன். மற்றவர் போனை நான் எடுப்பதில்லை. நின்று, திரும்ப அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ, சேச்சியா? ஆளு எங்கே?"

"தூங்குறாங்க."

"தூங்குறதா? இந்நேரமா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "எழுப்பு சேச்சி. இன்னைக்குப் பேரு கொடுக்கணும். நாளைக்கு வேற ஆளு போட்டுடும்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தா வாசற்படியில் நின்றேன். தூளி அசையாமல் இருந்தது. அவரை எழுப்ப வேண்டுமென்றால் பெயர் சொல்லி எழுப்ப முடியாது, தொட்டு எழுப்பியும் பழக்கமில்லை. "ஏங்க" என்றேன். மெதுவாகத்தான் வந்தது. இரண்டாவது தடவை கூப்பிட வாயைத் திறந்தேன்.

"வல்லன்னு சொல்லிடு" என்றார், உள்ளேயிருந்து. விழித்துத்தான் இருந்திருக்கிறார்.

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"இறங்கினா குளுரும். நீ சொல்லு."

போனைக் காதில் வைத்தேன். "வரலையாங்க" என்றேன்.

"வரலையா? சரியா கேட்டியா சேச்சி?"

"கேட்டேங்க. வரலன்னுதான் சொன்னாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பஸ் இன்ஜின் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ சீக்கிரம் ஏறு என்று கத்தினார்கள். பிறகு ஃபோர்மேன், "ஓகே, நல்லா இருக்கட்டும்" என்றார். வைத்துவிட்டார்.

"என்ன சொன்னான்?"

"நல்லா இருக்கட்டும்னாங்க."

நான் அங்கேயே நின்றேன். ஏதாவது வரும் என்று நினைத்தேன், சந்தோஷமோ பயமோ. இனிமேல் தினமும் இரண்டு பேருக்கு உலை வைக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. அப்புறம் அவர் மார்கழி, தை தவிர வேறு மாதத்தில் லீவில் வந்ததே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சித்திரையில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"கோடையில இஞ்ச கரண்டு போவுங்க" என்றேன். "மத்தியானமெல்லாம் இருக்காது. புழுங்கும்."

"போவட்டும்" என்றார்.

பால்காரர் மணி அடித்தார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வழக்கத்தைவிடக் கூடுதலாக ஊற்றச் சொன்னேன். "இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டார். இல்லை, தினமும் என்றேன்.